லேடெக்கில் தமிழ் எழுத்துருக் குடும்பம் தகராறு செய்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

"நோட்டோ செரிஃப் போட்டேன், தலைப்பில் மட்டும் கட்டம் கட்டமாக வருகிறது." கட்டளைகள் எழுதி ஆவணத்தை அச்சுக்கோக்கும் லேடெக்கில் தமிழ் அச்சடிக்கத் தொடங்கியவர்கள் சொல்லும் புகார் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். எழுத்துரு கெட்டுப்போயிருக்காது. லேடெக் ஒரு எழுத்துருவோடு திருப்திப்படாது என்பதுதான் விஷயம். உடல் உரைக்கு ரோமன், முனைக்கோடு இல்லாத சான்ஸ் ஒன்று, நிரல் வரிகளுக்கான டைப்ரைட்டர் ஒன்று என அது மூன்று குடும்பங்கள் வைத்திருக்கிறது. ஒவ்வொரு குடும்பத்திலும் நேர், தடித்தது, சாய்ந்தது, தடித்துச் சாய்ந்தது என்று நான்கு பேர். ஆக 12 இடம். தமிழும் ஆங்கிலமும் கலந்தால் 24. இவற்றில் எந்த இடம் காலி என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

கட்டளைப் பெயர்களை இங்கே ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறோம். கோப்பில் ரோமன் (ஆங்கில) எழுத்தில், முன்னால் பின்சாய்கோட்டோடு எழுதுங்கள்.

கை வைப்பதற்கு முன் ஒரு சோதனைக் கோப்பு தயார் செய்துகொள்ளுங்கள். நூறு பக்க ஆய்வேட்டை வைத்துக்கொண்டு எழுத்துருப் பிழை தேடுவது வீண் வேலை. ஆர்டிகிள் வகுப்பு, எழுத்துருக்களை அமைக்கும் ஃபாண்ட்ஸ்பெக் பேக்கேஜ், எழுத்துரு வரி, அதன்கீழ் இந்த ஒரு வரி போதும்:

கெ கே கை கொ கோ கௌ ணை லை ஸ்ரீ க்ஷ ₹ 125

பக்கத்தில் ஓர் ஆங்கிலச் சொல்லும் இருக்கட்டும். இதே வரியை நேராக, தடித்ததாக, சாய்ந்ததாக, சான்ஸில், டைப்ரைட்டரில் என்று ஐந்து முறை போடுங்கள். கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஐந்து வரியிலேயே முகம் காட்டிவிடும்.

கம்பைல் ஆகவே இல்லை. ஃபாண்ட்ஸ்பெக் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறது

எஞ்சின், அதாவது கோப்பைக் கம்பைல் செய்து பிடிஎஃப் ஆக்கும் நிரல், தவறு. ஃபாண்ட்ஸ்பெக்குக்கு ஸீலேடெக் அல்லது லுவாலேடெக் வேண்டும், பிடிஎஃப்லேடெக்கில் ஓடாது. பிழைச்செய்தியே இதைச் சொல்லும், ஆனால் யாரும் அதை முழுக்கப் படிப்பதில்லை. இணையத்திலேயே லேடெக் ஓட்டும் ஓவர்லீஃபில் மெனுவைத் திறந்து கம்பைலரை மாற்றுங்கள். கணினியில் உள்ள எடிட்டர்களில் ஒவ்வொன்றுக்கும் ஓர் இயல்பு எஞ்சின் உண்டு, அமைப்புகளில் தேடிப் பாருங்கள்.

கோப்பின் முதல் வரியில் விழுக்காட்டுக் குறி, வியப்புக்குறி, டெக் என்று தொடங்கி எஞ்சின் பெயரைக் குறிப்பிடும் வழக்கமும் உண்டு. டெக்ஸ்வொர்க்ஸ், டெக்ஸ்டூடியோ போன்றவை அதை மதிக்கும். ஆவணத்தை இன்னொருவருக்கு அனுப்புவதாக இருந்தால் அந்த வரி இருப்பது நல்லது.

லுவாலேடெக்கை முதல் முறை ஓட்டும்போது கம்பைல் சில நிமிடம் அசையாமல் நிற்கலாம். அது பிழை இல்லை. கணினியில் உள்ள எழுத்துருக்களுக்கெல்லாம் அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறது. நிறுத்தாமல் விட்டுவிடுங்கள், இரண்டாம் முறை வேகமாக ஓடும்.

"எழுத்துரு கிடைக்கவில்லை" என்கிறது. ஆனால் வேர்டில் அது தெரிகிறது

இதற்கு நான்கு காரணம் உண்டு. நிகழும் வாய்ப்பின் வரிசையில் பார்ப்போம்.

முதலாவது, பெயர். கோப்பின் பெயர் வேறு, குடும்பத்தின் பெயர் வேறு. குடும்பப் பெயரில் சொற்களுக்கிடையே இடைவெளி இருக்கும். கோப்புப் பெயரில் இடைவெளி இன்றிச் சேர்த்து, பின்னால் இணைகோடும் ரெகுலர் என்ற சொல்லும் இருக்கும். இரண்டையும் கலந்து எழுதினால் எதுவும் கிடைக்காது. டெர்மினலில் எஃப்சி-லிஸ்ட் கட்டளையோடு, முக்காற்புள்ளி வைத்து லாங் என்பதற்கு டிஏ என்று கொடுத்தால், தமிழ் உள்ள எழுத்துருக்கள் மட்டும் சரியான குடும்பப் பெயரோடு வரிசையாக வரும். அந்தப் பட்டியலிலிருந்து பெயரை அப்படியே நகலெடுங்கள். கையால் தட்டச்சு செய்யாதீர்கள்.

இரண்டாவது, விண்டோஸில் நிறுவிய விதம். எழுத்துருக் கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்து நிறுவினால் அது உங்கள் பயனர் கணக்குக்கு மட்டும் போய்ச் சேரும். வேர்டுக்கு அது போதும். ஆனால் டெக் நிறுவல்கள் எல்லாம் அந்தக் கோப்புறையில் தேடுவதில்லை. எழுத்துருவை நீக்கிவிட்டு, வலச்சொடுக்கில் "எல்லாப் பயனர்களுக்கும் நிறுவு" என்பதைத் தேர்ந்து மறுபடி நிறுவுங்கள்.

மூன்றாவது, பழைய அட்டவணை. ஸீலேடெக் என்றால் எஃப்சி-கேஷ் கட்டளையை எஃப், வி தெரிவுகளோடு ஓட்டுங்கள். லுவாலேடெக் என்றால் லுவாஓடிஎஃப்லோட்-டூல் கட்டளையை அப்டேட், ஃபோர்ஸ் தெரிவுகளோடு ஓட்டுங்கள்.

நான்காவது, லினக்ஸில் டெக்ஸ் லைவ் என்ற லேடெக் நிறுவல் தொகுப்போடு கூடவே வந்த எழுத்துருக்கள். அவை டெக்ஸ் லைவின் சொந்தக் கோப்புறையில் இருப்பதால் ஸீலேடெக் அவற்றைக் குடும்பப் பெயரால் அடையாளம் காணாமல் போகலாம். கோப்புப் பெயரால் அழைத்தால் கிடைத்துவிடும்.

உண்மையில் இந்த நான்கிலிருந்தும் தப்பிக்க ஒரே வழி, எழுத்துருக் கோப்புகளை ஆவணத்தின் பக்கத்திலேயே ஃபாண்ட்ஸ் என்ற கோப்புறையில் போட்டுக் கோப்புப் பெயரால் அழைப்பது. பாத் விருப்பத்தில் கோப்புறை வழியைக் கொடுங்கள். கடைசியில் சாய்கோடு கட்டாயம், அதை விட்டுவிட்டால் கோப்புறைப் பெயரும் எழுத்துருப் பெயரும் ஒட்டிக்கொண்டு மறுபடி "கிடைக்கவில்லை" வரும். எக்ஸ்டென்ஷன் விருப்பத்தில் புள்ளியோடு டிடிஎஃப் அல்லது ஓடிஎஃப் என்று போடுங்கள். அப்ரைட்ஃபாண்ட் விருப்பத்தில் நட்சத்திரக் குறி, இணைகோடு, ரெகுலர். போல்டுஃபாண்ட் விருப்பத்தில் நட்சத்திரக் குறி, இணைகோடு, போல்டு. நீங்கள் கொடுத்த அடிப்பெயர் நட்சத்திரம் இருக்கும் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: விண்டோஸில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பொருட்டில்லை. ஓவர்லீஃப் லினக்ஸில் ஓடுவதால் அங்கே பொருட்டு. வீட்டில் ஓடியது அங்கே ஓடவில்லை என்றால் கோப்புப் பெயரின் முதல் எழுத்தைப் பாருங்கள்.

கம்பைல் ஆகிறது; தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் அல்லது வெற்றிடம்

கம்பைல் ஆகும்போது உருவாகும் லாக் கோப்பைத் திறந்து "மிஸ்ஸிங் கேரக்டர்" என்று தொடங்கும் வரிகளைத் தேடுங்கள். எந்த எழுத்து, எந்த எழுத்துருவில் இல்லை என்று அங்கே எழுதியிருக்கும். எழுத்தைவிட, அந்த வரியில் உள்ள எழுத்துருவின் பெயர்தான் முக்கியத் தடயம். பெரும்பாலும் அது நீங்கள் கேட்ட எழுத்துருவாக இருக்காது. லேட்டின் மாடர்ன் என்ற இயல்பு எழுத்துருவாக இருக்கும். அதாவது அந்த இடத்துக்கு நீங்கள் குடும்பமே அமைக்கவில்லை.

கட்டம் எங்கே வருகிறது என்பதை வைத்தே காரணத்தைச் சொல்லிவிடலாம். உடல் உரை சரி, தலைப்புகளில் மட்டும் கட்டம் என்றால் நீங்கள் கோமா என்ற தொகுப்பின் ஆவண வகுப்புகளில் ஒன்றை, உதாரணமாக ஸ்க்ரார்ட்டிகிளை, பயன்படுத்துகிறீர்கள். அவை தலைப்புகளைச் சான்ஸ் குடும்பத்தில் போடும். பீமர் வகுப்பில் செய்த படவில்லைகளில் எல்லாமே கட்டம் என்றாலும் இதுதான் கதை. பீமரின் இயல்பு உரையே சான்ஸ். ரோமன் குடும்பத்தை அமைக்கும் செட்மெயின்ஃபாண்ட் என்று எவ்வளவு எழுதினாலும் அது திரும்பிப் பார்க்காது. செட்சான்ஸ்ஃபாண்ட் வேண்டும். நிரல் பகுதியில் மட்டும் கட்டம் என்றால் செட்மோனோஃபாண்ட் விடுபட்டிருக்கிறது.

மொழிகளைக் கையாளும் பாலிகிளாசியா பேக்கேஜ் வழியாகத் தமிழைச் சேர்த்திருந்தால் மூன்று பெயரை நியூஃபாண்ட்ஃபேமிலி கட்டளையால் தனித்தனியே உருவாக்க வேண்டும்: தமிழ்ஃபாண்ட், தமிழ்ஃபாண்ட்எஸ்எஃப், தமிழ்ஃபாண்ட்டிடி. பெயர் முழுக்கச் சிறிய ரோமன் எழுத்து. ஆனால் ஸ்கிரிப்ட் விருப்பத்தின் மதிப்பில் தமிழ் என்ற சொல்லின் முதல் எழுத்து பெரியது. இந்த ஓர் எழுத்தில் தடுக்கி விழுபவர்கள் ஏராளம். அதே வகைப் பேக்கேஜான பேபலில் இதே வேலைக்கு பேபல்ஃபாண்ட் கட்டளை இருக்கிறது. ஆர்எம், எஸ்எஃப், டிடி என்று மூன்று முறை எழுதுங்கள்.

தமிழ் ஒழுங்காக வந்து, நடுவே வரும் ஆங்கிலச் சொல் காணாமல் போனால் பிரச்சினை தலைகீழ். தமிழ் மட்டுமே உள்ள எழுத்துருவை எடுத்திருக்கிறீர்கள். நோட்டோவின் வெளியீட்டுக் கோப்புறைகளில் ஃபுல் என்பதில் லத்தீனும் சேர்ந்திருக்கும். ஹிண்டட், அன்ஹிண்டட் கோப்புறைகளை நம்ப வேண்டாம். ஹிந்த் மதுரை, முக்த மலர், கேட்டமரான் ஆகியவற்றில் இரண்டு வரிவடிவமும் உண்டு. இரண்டுக்கும் வெவ்வேறு எழுத்துரு வேண்டுமானால் லுவாலேடெக்கில் பேபலின் பேபல்ப்ரொவைட் கட்டளைக்கு ஆன்கேர் என்ற விருப்பத்தைக் கொடுத்து, ஐடிஎஸ், ஃபாண்ட்ஸ் என்று குறிப்பிடுங்கள். எழுத்தைப் பார்த்துக் குடும்பத்தை அதுவே மாற்றிக்கொள்ளும்.

₹ மட்டும் காணவில்லை என்றால் எழுத்துருவின் வயதைப் பாருங்கள். அந்தக் குறி யூனிகோடுக்குள் வந்ததே 2010-ல், 6.0 பதிப்பில்தான்.

இவை எல்லாம் அச்சுக்குப் போன பிறகு கண்ணில் படக்கூடாது. டெக்ஸ் லைவ் 2021 முதல், டிரேசிங்லாஸ்ட்கேர்ஸ் என்ற மதிப்பை 3 ஆக வைத்தால் காணாமல்போன ஒவ்வோர் எழுத்தும் பிழையாகவே நிற்கும். தமிழ் ஆவணங்களுக்கு இதை எப்போதும் போட்டுவைக்கச் சொல்வோம்.

கொம்பு எழுத்துக்குப் பின்னால் போகிறது, புள்ளிவட்டம் தெரிகிறது

"கெ" என்று தட்டினால் கண்ணுக்கு ஒற்றைக்கொம்பு முதலில் தெரிகிறது. கோப்பில் இருப்பதோ ககரம் முதலில், கொம்பு பின்னால். யூனிகோடு ஒலிக்கும் வரிசையில் சேமிக்கிறது. எழுதும் வரிசைக்கு இடம் மாற்றுவது வடிவமைக்கும் இயந்திரத்தின் வேலை. "கொ" என்றால் அது ஒரே குறியை இரண்டாகப் பிளந்து, கொம்பை முன்னாலும் துணைக்காலைப் பின்னாலும் வைக்க வேண்டும். இந்த இயந்திரத்துக்கு "இது தமிழ்" என்று சொல்லாவிட்டால் கொம்பு இருந்த இடத்திலேயே நிற்கும்.

ஸீலேடெக்கில் மருந்து, ஸ்கிரிப்ட் விருப்பத்தில் தமிழைக் குறிப்பது. லுவாலேடெக்கில் அதோடு ரெண்டரர் விருப்பத்தில் ஹார்ஃப்பஸ் என்ற வடிவமைக்கும் இயந்திரத்தின் பெயரையும் போட வேண்டும். இல்லாவிட்டால் அது தன் சொந்த முறையில் எழுத்துகளை அடுக்கும், இந்திய வரிவடிவங்களில் அது நம்பத்தக்கதல்ல. டெக்ஸ் லைவ் 2020 முதல் லுவாலேடெக் ஹார்ஃப்பஸை உள்ளேயே வைத்துக்கொண்டு வருகிறது. அதற்கு முந்தைய நிறுவல் என்றால் ஸீலேடெக்குக்கு மாறிவிடுங்கள், மல்லுக்கட்ட வேண்டாம்.

"கேட்ட ஸ்கிரிப்ட் இந்த எழுத்துருவில் இல்லை" என்று எச்சரிக்கை வந்தால் எழுத்துருவின் உள்ளே பார்க்க வேண்டும். ஓடிஎஃப்இன்ஃபோ கட்டளையை எஸ் தெரிவோடு அந்தக் கோப்பின்மேல் ஓட்டினால், அதற்குத் தெரிந்த வரிவடிவங்களைப் பட்டியல் போடும். தமிழ் அதில் இல்லையென்றால் ஒருவேளை அது பாமினி போன்ற பழைய எழுத்துரு. பாமினியில் தமிழ் எழுத்தே கிடையாது. ரோமன் எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள். "தமிழ்" என்ற சொல் அங்கே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து விசை. யூனிகோடு உரைக்கு அதைப் பூட்டினால் எல்லாமே கட்டம்தான். பழைய கோப்பில் உள்ள பாமினி உரைக்கு யூனிகோடு எழுத்துருவைப் பூட்டினாலோ புரியாத ஆங்கில எழுத்துக் குவியல் வரும். எழுத்துருவை மாற்றிப் பயனில்லை, உரையை மாற்றியில் போட்டு யூனிகோடாக்குங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளிவட்டம் வந்தால், உயிர்மெய்க் குறி தன் மெய்யைப் பிரிந்து அநாதையாக நிற்கிறது என்று அர்த்தம். ஓர் எழுத்தின் குறிக்கு மட்டும் நிறம் பூச முயன்றாலோ, மெய்க்கும் குறிக்கும் நடுவே ஏதாவது கட்டளை புகுந்தாலோ இப்படி ஆகும். எழுத்துகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பிரிக்கும் சோல் பேக்கேஜும் இதே வேலையைச் செய்யும். நிரல் காட்டும் லிஸ்டிங்ஸ் பேக்கேஜுக்கும் தமிழ்க் குறிப்புரைகள் ஆகாது, எழுத்துகளை இடம் மாற்றிப் போடும். ஃபேன்சிவெர்ப் அல்லது மின்டெட் பயன்படுத்துங்கள்.

ஔகாரத்தில் மட்டும் சிக்கல் என்றால் பெரும்பாலும் தட்டச்சுப் பிழை. "கௌ" என்பதற்குப் பதில் கெ, ள என்று இரண்டு எழுத்தாக அடித்திருப்பார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடும்போது தெரியும்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு: ணை, லை, னை ஆகியவை துதிக்கை வைத்த பழைய வடிவத்தில் வருவது. அது பிழை அல்ல. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவங்களுக்காகவே செய்த லோஹித் தமிழ் கிளாசிகலை எடுத்திருக்கிறீர்கள். கிளாசிகல் என்ற வால் இல்லாத லோஹித் தமிழை எடுங்கள்.

தடித்த எழுத்து தடிக்கவில்லை, சாய்ந்தது சாயவில்லை

லாக்கில் "ஃபாண்ட் ஷேப்" என்று தொடங்கி, இந்த வடிவம் இல்லை, அதற்குப் பதில் இதைப் போட்டேன் என்று ஒரு வரி இருக்கும். குடும்பத்தில் அந்த ஆள் இல்லை. லோஹித் தமிழ், மீரா இனிமை ஆகியவற்றில் ஒரே தடிமன்தான். அவற்றை உடல் உரைக்கு வைத்துவிட்டுத் தலைப்பு தடிக்கவில்லையே என்று வருந்திப் பயனில்லை. ஹிந்த் மதுரையில் ஐந்து தடிமன், முக்த மலரில் ஏழு. பாடநூல், ஆய்வேடு என்றால் இப்படிப்பட்ட குடும்பத்தையே எடுங்கள்.

தடித்த கோப்பு கையில் இருந்தும் தடிக்கவில்லை என்றால், கூகுள் ஃபாண்ட்ஸிலிருந்து இறக்கிய ஜிப்பைத் திறந்து பாருங்கள். வெளியே தெரிவது வேரியபிள் எழுத்துரு. எல்லாத் தடிமனும் ஒரே கோப்புக்குள் அடக்கம், பெயரில் சதுர அடைப்புக்குறிகூட இருக்கும். ஸீலேடெக் பிடிஎஃப் எழுதும் கட்டத்தில் அதைச் சரியாகக் கையாளாது. அதே ஜிப்புக்குள் ஸ்டாட்டிக் என்ற கோப்புறை இருந்தால், அதில் ஒவ்வொரு தடிமனும் தனிக் கோப்பாக இருக்கும். அவற்றை மட்டும் நிறுவி, வேரியபிளைக் கணினியிலிருந்து நீக்கிவிடுங்கள். இரண்டும் ஒரே குடும்பப் பெயரோடு இருந்தால் எது மாட்டும் என்று சொல்ல முடியாது.

ஆட்டோஃபேக்போல்டு என்ற விருப்பம் இல்லாத தடிமனைச் செயற்கையாக உண்டாக்கும். 1.5 கொடுத்துப் பாருங்கள்: ணகரத்தின் சுழிகள் மையால் அடைந்துபோகும். 10 புள்ளி உரையில் படிக்கவே முடியாது. பெரிய தலைப்புக்கு வேண்டுமானால் ஒப்பேற்றலாம்.

சாய்வு வேறு விவகாரம். தமிழ் அச்சில் அழுத்தம் காட்டத் தடித்த எழுத்தே வழக்கம். பல குடும்பங்களில் சாய்ந்த வடிவம் வரையப்படவே இல்லை. ஆட்டோஃபேக்ஸ்லான்ட்டில் 0.2 போட்டால் சாயும், ஆனால் கி, கீ போன்றவற்றின் மேல்விலங்குகள் பக்கத்து எழுத்தில் இடிக்கும். அதற்கு இட்டாலிக்ஃபாண்ட் விருப்பத்தில் அதே குடும்பத்தின் மீடியம் தடிமனைக் கொடுப்பது மேல். சாய்வேதான் வேண்டும் என்றால், சாய்வாகவே வரைந்த கவிவனார் இருக்கிறது. கையெழுத்துச் சாயல் என்பதால் நீண்ட பத்திகளுக்கு ஒத்துவராது.

எழுத்துருவைச் சரியாக அமைத்தும் ஒன்றுமே மாறவில்லை

பழைய வார்ப்புரு எதையோ நகலெடுத்திருக்கிறீர்கள். அதில் இன்புட்என்க் பேக்கேஜும், டி1 குறிமுறையோடு ஃபாண்ட்என்க் பேக்கேஜும் இருக்கும். பிடிஎஃப்லேடெக் காலத்து வரிகள். ஃபாண்ட்ஸ்பெக்குக்குப் பிறகு டி1 வந்தால் யூனிகோடு குறிமுறை போய்விடும், தமிழும் கூடவே போய்விடும். இரண்டு வரியையும் அழியுங்கள். டைம்ஸ் போன்ற பழைய எழுத்துருப் பேக்கேஜ்களையும் அழியுங்கள்.

தமிழ் பெரிதாகவும் ஆங்கிலம் சிறிதாகவும் தெரிகிறது, வரிகள் நெருக்கியடிக்கின்றன

ஒரே 11 புள்ளியில் தமிழ் எழுத்து அகலமாகவும் பெரிதாகவும் தெரிவது இயல்பு. தமிழ்க் குடும்பத்தின் ஸ்கேல் விருப்பத்தில் 0.88 போட்டுப் பார்த்து, 0.02 அளவில் ஏற்றி இறக்குங்கள். மேட்ச்லோயர்கேஸ் என்று போட்டால் தானே பொருத்திக்கொள்ளும் என்று வழிகாட்டிகளில் படித்திருப்பீர்கள். அது லத்தீன் சிறிய எழுத்தின் உயரத்தை அளந்து ஒப்பிடும் முறை. லத்தீனே இல்லாத தமிழ் எழுத்துருவில் எதை அளக்கும்? விநோதமான அளவுதான் வரும். மூன்று குடும்பங்களுக்கும் ஸ்கேலைத் தனித்தனியே கொடுங்கள்.

வரி நெருக்கத்துக்கு லைன்ஸ்ப்ரெட் 1.2 போதும். 1.3-க்கு மேல் போனால் பத்தி பிய்ந்து தெரியும்.

வரிகள் வலது ஓரத்தைத் தாண்டி நீள்கின்றன

எழுத்துருவின் குற்றம் இல்லை, ஆனால் புதுக் குடும்பம் போட்டவுடன் தெரிவதால் பழி அதன்மேல் விழும். தமிழ்ச் சொல் நீளம். சொல்லை வெட்டும் விதிகள் ஏற்றப்படாவிட்டால் லேடெக் அதை வெட்டாது. லாக்கில் தமிழுக்கு ஹைஃபனேஷன் பேட்டர்ன் இல்லை என்று எழுதியிருந்தால் டெக்ஸ் லைவில் ஹைஃபன்-இண்டிக் பேக்கேஜை நிறுவுங்கள். டெபியன், உபுண்டுவில் அது டெக்ஸ்லைவ்-லாங்-அதர் என்பதற்குள் இருக்கிறது. உரையைத் தமிழ் மொழியாக அறிவித்திருக்கவும் வேண்டும். வெறும் எழுத்துரு மாற்றினால் விதிகள் மாறாது. அப்படியும் ஓரிரு வரி துருத்தினால் எமர்ஜென்சிஸ்ட்ரெச் மதிப்பை மூன்று எம் ஆக வையுங்கள்.

பிடிஎஃப் அழகாக இருக்கிறது. நகலெடுத்தால் உரை குழம்புகிறது

பிடிஎஃப்பில் "கெ" என்பதைத் தேர்ந்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். கொம்பு முன்னால் தனியே வந்தால், பிடிஎஃப் கண்ணுக்குத் தெரியும் வரிசையைத்தான் சேமித்திருக்கிறது. தேடல் வேலை செய்யாது, திரைவாசிப்பான் உளறும். ஸீலேடெக்கில் ஸீடெக்ஜெனரேட்ஆக்சுவல்டெக்ஸ்ட் என்ற மதிப்பை 1 ஆக்குங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் மூல உரை கூடவே பதிந்துவிடும். லுவாலேடெக்கில் ஹார்ஃப்பஸ் ரெண்டரர் போட்டிருந்தால் அதுவே பார்த்துக்கொள்ளும். சோதிக்கும்போது ஒரே பிடிஎஃப் பார்ப்பானை நம்பாதீர்கள். இந்த மூல உரையைச் சில பார்ப்பான்கள் படிப்பதே இல்லை, எனவே இரண்டிலாவது ஒட்டிப் பாருங்கள்.